காலையில் 'பசிக்கலை' என்று சொல்லும் பிள்ளைக்கு உண்மையிலேயே பசி இல்லையா?

"சாப்டியா?"

"பசிக்கலை மிஸ்."

விழுப்புரம் மாவட்டம் முகையூர் பக்கம் கரும்பு வெட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் அம்மா, அப்பா விடியும்போதே கிளம்பிவிடும் வீடுகள் உண்டு. அங்கிருந்து வரும் பிள்ளை இப்படிச் சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நிஜமாகவே பசி தெரியாமல் இருக்கலாம்.

வயிறு காலியானால் பசிக்கும் என்றுதான் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். பசியைக் கிளப்புவதில் முக்கியப் பங்கு கிரெலின் என்ற ஹார்மோனுக்கு. 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. இரைப்பையில் சுரந்து, மூளையின் ஹைப்போதலாமஸுக்கு 'சாப்பாடு வேணும்' என்று தகவல் சொல்லும்.

சுவாரஸ்யமே இனிமேல்தான். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே கிரெலின் ஏறும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். மீட்டிங்கில் 1 மணிக்குக் கபகபன்னு எரிந்த வயிறு 2.30-க்கு அமைதியாவது இதனால்தான். (நாம் அதை 'பசி செத்துப்போச்சு' என்போம்.)

தினமும் காலைச் சாப்பாடு இல்லாத பிள்ளைக்கு, அந்த நேரத்து அலாரம் மெல்ல மங்கிவிடலாம். ஆனால் தேவை அப்படியே இருக்கும். ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டு, மறுநாள் 12.30-க்குச் சத்துணவு என்றால் இடைவெளி பதினாறரை மணி நேரம். கல்லீரல் சேமித்த குளுக்கோஸில் பெரும்பகுதி இரவிலேயே செலவாகிவிடும். அதுவும் சின்னப் பிள்ளைகளின் மூளை, அளவுக்கு அளவு பார்த்தால், பெரியவர்களுடையதைவிட அதிக குளுக்கோஸ் கேட்கும். 11 மணிக்குக் கணக்கு டீச்சர் சொல்வது காதில் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை இங்கேதான் கவனிக்க வேண்டும். 1 முதல் 5-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். தினமும் ஒரே நேரத்தில் கிடைப்பதால், அந்த நேரத்துக்கு உடம்பு மறுபடி பசியைக் கேட்கப் பழகும்.

வயிறு நிறைந்ததும் எப்படித் தெரிகிறது? இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு உடனே மூளைக்குச் சொல்லும். குடலிலிருந்து ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் 'போதும்' என்று முழுதாகச் சொல்ல 15, 20 நிமிடம் ஆகலாம். இப்போது எல்லோரும் பேசும் வெயிட் லாஸ் ஊசிகள் காப்பியடிப்பது இந்த ஹார்மோனைத்தான். பருப்பில் உள்ள புரதம் இந்தச் சிக்னலை நீட்டிக்கும். அதனால்தான் டீயும் பன்னும் தாங்காத நேரத்தை சாம்பாரோடு சாப்பிட்ட பொங்கல் தாங்குகிறது.

அடுத்த முறை பிள்ளை 'பசிக்கலை' என்றால், "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.