நகவெட்டியும் நாயின் சம்மதமும்

எங்கள் வீட்டு மணிக்கு ஒன்பது வயது. மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்தோம். சுத்தமான நாட்டு நாய். தீபாவளி வெடிக்குக்கூட அசராமல் பால்கனியில் படுத்திருப்பான். ஆனால் அலமாரியின் கடைசி இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், ஆள் கட்டிலுக்கு அடியில். அந்த இழுப்பறையில்தான் நகவெட்டி இருந்தது.

தெருவில் திரியும் நாய்க்கு யாரும் நகம் வெட்டிவிடுவதில்லை. தார் ரோடும் சிமெண்டும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். முன்பு தனி வீட்டில் இருந்தவரை மணிக்கும் அப்படித்தான். மாடி வீட்டுக்கு மாறியபிறகு வழவழ டைல்ஸ் தரை, கொஞ்ச நேர நடை, கூடவே வயசு. நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. நகம் நீண்டு தரையில் இடித்தால், தரை அதை மேல்நோக்கித் தள்ளும். விரல் கோணும், பாதத்தின் பிடி போகும். வயசான நாய் வழுக்கி விழுவதற்கு இது ஒரு காரணம்.

சரி, வெட்டிவிடலாம் என்று ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வெட்டினார். முதலில் திமிறினான், கத்தினான். இரண்டு நகத்தில் ரத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அசையாமல் கிடந்தான். “பாத்தீங்களா சார், பழகிட்டான்” என்றார் பிடித்திருந்தவர். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு மணியின் காலை யார் தொட்டாலும் உறுமல். ஒருநாள் ஈரக் காலைத் துடைக்கப்போன என் கை அவன் பல்லுக்கு நடுவில் இருந்தது. கடிக்கவில்லை; எச்சரித்தான். ஆனால் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. “எங்கயாவது நல்ல இடமா பாத்து விட்டுடலாம்டா” என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான், விஷயம் நகத்தைத் தாண்டிவிட்டது என்று புரிந்தது. அதன்பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் செய்து பார்த்ததும் கீழே.

அசையாமல் கிடப்பது அமைதி இல்லை

1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் செய்த சோதனை உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது நாய்களை வைத்துச் செய்தது. ஒரு பிரிவு நாய்களுக்கு மின்னதிர்ச்சி வரும். தலையால் ஒரு பலகையை அழுத்தினால் நிற்கும். இரண்டாவது பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. மூன்றாவது பிரிவுக்கு அதிர்ச்சியே இல்லை. பிறகு எல்லா நாய்களையும் நடுவில் தடுப்பு இருந்த ஒரு பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல், மூன்றாவது பிரிவு நாய்கள் தாண்டின. இரண்டாவது பிரிவில் பெரும்பாலானவை தாண்ட முயலாமலே வலியை வாங்கிக்கொண்டு இருந்துவிட்டன. கொடுமையான சோதனைதான். ஆனால் அது காட்டிய வித்தியாசம் முக்கியம்: முதல் இரண்டு பிரிவுக்கும் வலி ஒன்றே, அதை நிறுத்தும் வழி ஒருவரிடம் இருந்தது, மற்றவரிடம் இல்லை.

ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள். நாய்கள் கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன என்று முதலில் சொன்னது தவறு; நீண்ட வலிக்கு முன்னால் ஒடுங்கிப்போவது உயிரினத்தின் இயல்பு; கற்றுக்கொள்ளப்படுவது ‘இதை என்னால் நிறுத்த முடியும்’ என்ற நம்பிக்கைதான் என்றார்கள்.

இதைப் படித்ததும் மேசைமேல் அசையாமல் கிடந்த மணிதான் ஞாபகத்துக்கு வந்தான். அவன் பழகவில்லை, விட்டுவிட்டான். எனவே அவனை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று யோசிப்பதை நிறுத்தினேன். இதை நிறுத்தும் வழியை எப்படி அவன் கையில், அதாவது காலில், கொடுப்பது என்பதே கேள்வி.

நகத்துக்குள் இருக்கும் நகக்கண்

அதற்கு முன் வலி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நமக்கு நகக்கண் நகத்துக்கு அடியில் இருக்கிறது. நாய்க்கு அது நகத்தின் உள்ளேயே குழாய்க்குள் திரி மாதிரி நீண்டிருக்கும். ரத்தக்குழாயும் நரம்பும் அதில்தான். வெள்ளை நகமென்றால் இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. அங்கே ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. வெள்ளரிக்காய் சீவுவதுபோல மெல்லிசாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். வெட்டிய இடம் முதலில் சுண்ணாம்பு மாதிரி உலர்ந்து வெளிறித் தெரியும். நடுவில் கருமையான ஒரு பொட்டு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நகம் நீண்டால் நகக்கண்ணும் கூடவே நீளும். அதனால் ஒரே நாளில் குட்டையாக்க நினைத்தால் ரத்தம் நிச்சயம். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் நகக்கண் மெல்லப் பின்வாங்கும். மழுங்கிய நகவெட்டி வெட்டாது, நசுக்கும், அதுவே வலிதான். தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

பிஸ்கட்டை முதலில் காட்டினால்

எல்லோரும் சொல்லும் யோசனை, “பிஸ்கட் குடுத்து வெட்டுங்க.” நானும் செய்தேன். ஒரே வாரத்தில் மணி பிஸ்கட்டைப் பார்த்தாலே சந்தேகப்பட ஆரம்பித்தான்!

தப்பு வரிசையில் இருந்தது. பாவ்லோவின் நாய்கள் கதை எல்லோருக்கும் தெரியும்: முதலில் சத்தம், பிறகு உணவு, நாளடைவில் சத்தம் கேட்டாலே எச்சில். முன்னால் வருவது, பின்னால் வருவதற்கு முன்னறிவிப்பாகிறது. நான் பிஸ்கட்டை நீட்டிவிட்டுக் காலைப் பிடித்தேன். அதாவது ‘பிஸ்கட் வந்தால் நகவெட்டி வரும்’ என்று நானே சொல்லிக்கொடுத்தேன். தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் காலைத் தொட வேண்டும், கையை எடுத்தபிறகுதான் தீனி. தொடுவது தீனிக்கு முன்னறிவிப்பாக மாற வேண்டும்.

பாவ்லோவ் இன்னொன்றும் கவனித்தார். அணைந்துபோன பழைய பழக்கம் கொஞ்ச நாள் கழித்துத் தானாகத் திரும்பி வரும். பயமும் அப்படித்தான், அழிவதில்லை, மேலே புதிய அனுபவம் படிகிறது, அவ்வளவுதான். எனவே பழைய இடம், பழைய கருவி, பழைய இழுப்பறை எல்லாவற்றையும் விட்டேன். புது நகவெட்டி, பால்கனி, ஒரு பழைய பாய்.

மோவாய் வைத்தால் சரி, எடுத்தால் வேண்டாம்

விலங்குக் காட்சிச்சாலைகளில் சிம்பன்ஸி தானாகக் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்வதும், யானை கம்பிக்கு வெளியே பாதத்தை நீட்டி நகத்தைத் தேய்த்துக்கொள்வதும் பயிற்சியால் வந்தவை. அடிப்படை ஒன்றுதான்: விலங்கு விலகினால் மனிதன் நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் நான் செய்தது இது. ஒரு தலையணை போட்டு, மணி அதில் மோவாயை வைத்தால் கோழித்துண்டு. அது பழகியபிறகு, மோவாய் இருக்கும்வரை தோளைத் தொடுவேன். பிறகு முழங்கால், பாதம், ஒவ்வொரு விரலாக. மோவாயைத் தூக்கினால் என் கை உடனே விலகும். திட்டு கிடையாது, கெஞ்சல் கிடையாது. பிறகு மூடிய நகவெட்டியால் நகத்தைத் தொடுவது. பிறகு பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வெட்டி ‘டக்’ சத்தம் மட்டும். கடைசியில் ஒரு நகம். அன்றைக்கு ஒன்றுதான்.

முதல் வாரம் தலையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். உண்மையிலேயே நிறுத்துகிறேனா என்று சோதித்தான் என்றுதான் நினைக்கிறேன். நம்பிக்கை வந்தபிறகு தூக்குவது குறைந்துவிட்டது. உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாமே ‘வேண்டாம்’ என்பதன் மெல்லிய வடிவங்கள். அவற்றைக் கேட்டால் உறுமலுக்கு வேலை இருக்காது. உறுமியதற்காக அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடி வரும்.

உப்புத்தாள் பலகை

பாதத்தைத் தொடவே விடாத நாய்க்கு ஒரு மாற்று வழி உண்டு. ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்து வைத்து, அதைப் பிறாண்டினால் தீனி கொடுப்பது. தன் முன்கால் நகத்தைத் தானே தேய்த்துக்கொள்ளும். ஆனால் முன்காலின் உள்பக்கம் சற்று மேலே கட்டைவிரல் மாதிரி இருக்கும் நகம் பலகையிலும் படாது, தரையிலும் படாது. விட்டால் வளைந்து சதைக்குள் இறங்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

பூனைக்கும் வழி இதேதான். விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். கூர்நுனியை மட்டும் எடுத்தால் போதும். எதற்கும் மசியாத பிராணிக்கு மருத்துவரிடம் கேட்டு மயக்கமோ மருந்தோ கொடுத்துச் செய்வது தப்பே இல்லை. ஆனால் நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

மணிக்கு இதெல்லாம் பழக நாலு மாதம் ஆனது. முன்கால் இரண்டும் சுலபம். பின்கால்களில் ஒரு நாளைக்கு ஒரு நகம்தான் அனுமதி. போன வாரம் ஈரக் காலைத் துடைக்கக் குழந்தை துண்டோடு போனாள். நான் பதறி எழுந்தேன். அவன் அவள் மடியில் மோவாயை வைத்தான்.

அந்த இழுப்பறையைத் திறந்தால் மட்டும் இன்னமும் கட்டிலுக்கு அடியில்தான் போகிறான். இப்போதெல்லாம் அதை நாங்கள் திறப்பதில்லை.