மலையில் புல்லுக்கும் இடம் வேண்டும்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் டீ சொல்லிவிட்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற கொடிக்கால்காரர் கேட்டார்: "மரம் நடுங்கன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. கொடைக்கானல்ல மட்டும் ஏன் வெட்டணும்ங்கிறாங்க?" நியாயமான கேள்வி. டீ ஆறுவதற்குள் சொல்லி முடியாது, ஆனாலும் சொன்னேன்.

"அண்ணே, மலை உச்சியில இயற்கையா இருந்தது ரெண்டு. பள்ளத்துல ஓடையை ஒட்டிச் சோலைக்காடு. மேட்டுலயும் சரிவுலயும் புல்வெளி. பெய்யுற மழையை ரெண்டும் பிடிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஓடையில விடும். தலையாறு அருவியா விழுந்து மஞ்சளாறா நம்ம பக்கம் வர்றது அந்த மலைத் தண்ணிதான்."

புல்வெளியைத் தரிசென்று கணக்கெழுதினோம். வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நட்டோம். வாட்டில் ஆஸ்திரேலிய மரம். அதன் பட்டை தோல் பதனிட உதவும் என்று கொண்டுவந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாற்பது ஆண்டுகளில், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. குறிஞ்சியும் வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் வாழ்ந்த இடம் அது.

"அப்ப மொத்தமா வெட்டிட வேண்டியதுதானே?" என்றார்.

அங்கேதான் பொறுமை வேண்டும். வாட்டில் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். ஒரேயடியாக வெட்டினாலோ தீ வைத்தாலோ வெயில் பட்டுக் கூட்டமாக முளைத்துவிடும். இன்னொரு பக்கம், பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழும்புகின்றன. அங்கே அந்த அந்நிய மரமே செவிலித்தாய். கன்று தலையெடுக்கும்வரை அதை விட்டுவைக்க வேண்டும். மிச்சமிருக்கும் புல்வெளியில் புதிதாக முளைக்கும் வாட்டில் கன்றையோ உடனே பிடுங்க வேண்டும்.

இடத்துக்கு இடம் வைத்தியம் மாறும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றவர்கள் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர். இங்கிலாந்திலிருந்து வந்து கொடைக்கானலில் தங்கி, வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கிய இணையர். சோலை மர விதைகளைப் பொறுக்கி நாற்றங்கால் வளர்த்தார்கள். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட, உருத்திராட்ச மரத்தின் உறவான எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்ற மரத்தை ஒற்றை மரமாகக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான்.

2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும்; அதற்குப் புல்வெளி மிஞ்ச வேண்டும். மலையில் கன்று நடக் கிளம்புகிறவர்கள், முதலில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். புல் இருந்த இடமென்றால், புல்லையே விட்டுவையுங்கள்.