தன்னார்வக் கணிமையில் மின்னாற்றல் வினைத்திறன்

தன்னார்வக் கணிமை என்பது பொதுமக்கள் தமது கணினிகள் வேலையின்றி இருக்கும் நேரத்தை இணையம் வழியாக அறிவியல் ஆய்வுகளுக்கு வழங்கும் முறையாகும். இதில் பங்குபெறும் ஒரு கணினி, தான் செலவிடும் மின்னாற்றலுக்கு ஈடாக எவ்வளவு கணிப்பு வேலையை முடித்துத் தருகிறது என்பதே அதன் மின்னாற்றல் வினைத்திறன் ஆகும். ஆய்வு நிறுவனத்துக்கு இக்கணிப்பு ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தாலும், அதற்கான மின்கட்டணத்தைத் தன்னார்வலரே செலுத்துகிறார். ஆகவே, கணினி எவ்வளவு விரைவானது என்பதைவிட, ஒரு பணியை முடிக்க அது எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதே இங்கு முதன்மையான அளவாகும்.

வரலாற்றுப் பின்னணி

பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் திட்டம் 1996 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளில் வேற்றுலக அறிவுயிர்களின் குறிகைகளைத் தேடிய செட்டி அட் ஹோம், 1999 மே 17 அன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளியானது. இது 2020 மார்ச் 31 அன்று புதிய பணிகளை அனுப்புவதை நிறுத்தியது. புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் 2000 ஆம் ஆண்டு தொடங்கியது.

இத்திட்டங்கள் தோன்றிய காலத்தில், வீணாகும் கணினி நேரத்தைப் பயன்படுத்துவதால் கூடுதல் செலவு பெரிதாக இராது என்னும் கருத்து ஓரளவு பொருத்தமானதாக இருந்தது. விண்டோஸ் 95 போன்ற இயங்குதளங்கள், வேலை இல்லாத போதும் நுண்செயலியை ஓய்வுநிலைக்கு அனுப்பாமல் வெறுமனே சுழலவிட்டன. எனவே வேலை செய்யும் கணினிக்கும் சும்மா இருக்கும் கணினிக்கும் இடையே மின் நுகர்வில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. பின்னர் வந்த நுண்செயலிகள் வேலை இல்லாத போது தமது வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தாமே குறைத்துக்கொள்கின்றன; பயன்படாத பகுதிகளின் மின்சாரத்தைத் துண்டித்தும் விடுகின்றன. இதனால் இன்றைய கணினியில் ஓய்வுநிலைக்கும் முழுச்சுமைக்கும் இடையேயான வேறுபாடு மிகுதி. அந்த வேறுபாடே தன்னார்வலர் வழங்கும் உண்மையான நன்கொடையாகும்.

கணக்கிடும் முறை

மின்திறன் வாட்டில் அளக்கப்படுகிறது. அதை நேரத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். 1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணிநேரம் இயங்கினால் ஒரு கிலோவாட்-மணி, அதாவது மின்கட்டணப் பட்டியலில் வரும் ஒரு யூனிட், செலவாகும். 100 வாட் நுகரும் கணினி ஆண்டு முழுவதும் இடைவிடாது இயங்கினால் 876 யூனிட்டுகள் ஆகும்.

ஒரு பணிக்கான ஆற்றலை இரு வகையாகக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, ஓய்வுநிலையில் 50 வாட்டும் முழுச்சுமையில் 110 வாட்டும் நுகரும் கணினி ஒரு பணியை 4 மணிநேரத்தில் முடிப்பதாகக் கொள்வோம்.

முதல் வகை: கணினி வேறு தேவைக்காக எப்படியும் இயங்கிக்கொண்டிருந்தால், கூடுதலாகச் செலவாவது 60 வாட் மட்டுமே. பணிக்கான ஆற்றல் 0.24 யூனிட்.

இரண்டாம் வகை: இப்பணிக்காகவே கணினியை இயக்கி வைத்தால் முழு 110 வாட்டையும் சேர்க்க வேண்டும். பணிக்கான ஆற்றல் 0.44 யூனிட்.

அதே கணினி, அதே பணி என்றாலும் இரண்டாம் வகையில் செலவு ஏறக்குறைய இரு மடங்காகிறது.

பழைய கணினிகள்

பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய கணினியைத் தன்னார்வக் கணிமைக்கு ஒதுக்குவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆயினும், 150 வாட் நுகர்ந்து 10 மணிநேரத்தில் பணியை முடிக்கும் பழைய கணினி 1.5 யூனிட்டைச் செலவிடுகிறது. 100 வாட் நுகர்ந்து 2 மணிநேரத்தில் முடிக்கும் புதிய கணினிக்கு 0.2 யூனிட் போதும். முன்னது ஏழரை மடங்கு ஆற்றலை உண்கிறது.

கடிகார வேகம் வினைத்திறனைக் காட்டும் அளவுகோல் அன்று. 2004 ஆம் ஆண்டு வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 செயலிகளில் சிலவற்றின் வடிவமைப்பு வெப்பத்திறன் 115 வாட்டாக இருந்தது. 2006 ஆம் ஆண்டு வந்த கோர் 2 டுயோ, குறைந்த கடிகார வேகத்தில், 65 வாட் வரம்புக்குள் அவற்றைவிடக் கூடுதல் வேலை செய்தது. அதே வேளை, புதிய கணினியை உற்பத்தி செய்வதற்கும் ஆற்றல் தேவை என்பதால், இதற்காக மட்டும் கணினி வாங்குவது எப்போதும் சிக்கனமாகாது.

மின்னழுத்தமும் வேகமும்

செயலியின் இயக்கத் திறன் நுகர்வு, கடிகார அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. அதிர்வெண்ணை 20 விழுக்காடும் மின்னழுத்தத்தை 10 விழுக்காடும் குறைத்தால், திறன் நுகர்வு ஏறத்தாழ 65 விழுக்காடாகக் குறையும். பணி முடிய 1.25 மடங்கு நேரமாகும். ஆகவே ஒரு பணிக்குச் செயலி செலவிடும் ஆற்றல் 81 விழுக்காடாகிறது.

ஆனால் கணினியின் ஏனைய உறுப்புகளும் அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் இயங்குகின்றன. செயலி 60 வாட்டும் பிற உறுப்புகள் 40 வாட்டும் நுகரும் கணினியில், இம்மாற்றத்துக்கு முன் ஒரு மணிநேரப் பணிக்கு 100 வாட்-மணி செலவாகும். மாற்றத்துக்குப் பின் ஏறக்குறைய 99 வாட்-மணி செலவாகும். எப்படியும் இயங்கும் கணினியில் மட்டுமே வேகக் குறைப்பு குறிப்பிடத்தக்க சேமிப்பைத் தருகிறது. செயலி நேரத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துமாறு போயிங்க் மென்பொருளில் அமைப்பதும் இத்தகையதே. அது வெப்பத்தைக் குறைக்குமே தவிர, ஒரு பணிக்கான ஆற்றலைக் குறைப்பதாகக் கொள்ள இயலாது.

பிற வன்பொருள்கள்

வரைவியல் செயலிகள் ஒரே கணக்கைப் பல தரவுகள் மீது ஒருங்கே செய்ய வல்லவை. அவற்றின் மின் நுகர்வு மிகுதியாயினும், பொருத்தமான பணிகளில் விரைவு அதனினும் மிகுதி. ஃபோல்டிங் அட் ஹோம் 2006 ஆம் ஆண்டு முதல் இவற்றைப் பயன்படுத்தி வருகிறது.

மின்வழங்கியும் கருதத்தக்கது. கணினியின் உறுப்புகளுக்கு 90 வாட் தேவைப்படும்போது, 75 விழுக்காடு வினைத்திறனுள்ள மின்வழங்கி சுவரிலிருந்து 120 வாட் பெறும். 90 விழுக்காடு வினைத்திறனுள்ளது 100 வாட் மட்டுமே பெறும். இவற்றை மேம்படுத்தும் பொருட்டு 80 பிளஸ் என்னும் சான்றளிப்புத் திட்டம் 2004 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

சரிபார்ப்பும் வழிமுறையும்

தன்னார்வலர்களின் கணினிகள் பிழையான விடைகளைத் தரக்கூடும் என்பதால், பல திட்டங்கள் ஒரே பணியை இரு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. இதனால் ஒரு முடிவுக்கான ஆற்றல் இரு மடங்காகிறது. குறித்த கெடுவுக்குள் முடியாத பணிகளில் செலவான ஆற்றலும் பெரும்பாலும் வீணாகிறது.

இங்கு வன்பொருளைவிடக் கணிதமே பெரும் சேமிப்பைத் தந்த நிகழ்வு ஒன்று உண்டு. ஜிம்ப்ஸ் திட்டம் ஒவ்வோர் எண்ணையும் இருமுறை சோதித்து வந்தது. கணிப்பின் இடையிலேயே பிழையைக் கண்டறியும் கெர்பிச் முறையை அது 2018 ஆம் ஆண்டு கைக்கொண்டது. 2020 ஆம் ஆண்டு முதல், சோதனை சரியாக நடந்தது என்பதற்கான சான்றுக் கோப்பையும் கணினிகள் உருவாக்கலாயின. அதைச் சரிபார்க்க மூலச் சோதனையின் ஒரு சிறு பங்கு வேலையே போதுமானது என்பதால், இவ்வாறு செய்யப்படும் சோதனைகளுக்கு இரண்டாம் முழுச் சோதனை தேவையற்றுப் போனது.

வெப்பம்

கணினி நுகரும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. குளிர்காலத்தில் மின்தடை வகை வெப்பமூட்டியைப் பயன்படுத்தும் வீட்டில் இவ்வெப்பம் வீணாவதில்லை. மாறாக, குளிரூட்டப்பட்ட அறையில் இவ்வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டும். குளிரூட்டியின் செயற்கெழு 3 எனில், கணினியின் ஒவ்வொரு 100 வாட்டுக்கும் மேலும் 33 வாட் செலவாகும்.

மீத்திறன் கணினிகளுடன் ஒப்பீடு

மீத்திறன் கணினிகளை ஆற்றல் வினைத்திறனால் வரிசைப்படுத்தும் கிரீன்500 பட்டியல் 2007 நவம்பரில் முதன்முதலாக வெளியானது. அதில் முதலிடம் பெற்ற புளூஜீன்/பி கணினி ஒரு வாட்டுக்கு நொடிக்கு 35.7 கோடி கணக்குகளைச் செய்தது. 2022 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வெளிப்படுத்தப்பட்ட ஃபிரான்டியர் கணினி, ஏறத்தாழ 21 மெகாவாட் நுகர்ந்து, ஒரு வாட்டுக்கு 5200 கோடிக்கும் மேல் செய்தது. பல்லாயிரம் வீடுகளில் தனித்தனி மின்வழங்கிகளுடன் இயங்கும் கணினிகள் பொதுவாக இந்த அளவை எட்டுவதில்லை. முன்பே வாங்கப்பட்ட கணினிகளைப் பயன்படுத்துவதும், நிதி வசதியற்ற ஆய்வுகளுக்கும் கணிப்புத்திறன் கிடைக்கச் செய்வதுமே தன்னார்வக் கணிமையின் சிறப்பு.

சிக்கன வழிகள்

- வேறு தேவைக்காக இயங்கும் நேரத்தில் மட்டும் கணிப்புகளை அனுமதித்தல்.
- திரைக்காப்பு ஓவியங்களைத் தவிர்த்துத் திரையை அணைத்தல்.
- மடிக்கணினி மின்கலத்தில் இயங்கும்போது கணிப்பை நிறுத்தி வைத்தல்.
- கெடுவுக்குள் முடிக்கக்கூடிய அளவு பணிகளை மட்டும் பெறுதல்.
- சுவர்ச் செருகியில் பொருத்தும் மின்மானியால் ஓய்வுநிலை, முழுச்சுமை ஆகிய இரண்டையும் அளந்து பார்த்தல். தாம் வழங்கும் நன்கொடையின் அளவை ஒருவர் இவ்வாறு தாமே அறிந்துகொள்ளலாம்.