மங்கும் லேசரும் மலிவான பற்றரியும்

விஞ்ஞான தினக் கண்காட்சியில் வரைபடத்தைச் சுட்டிக்காட்டவும், ஹந்தானைப் பக்கம் இருள் கவிந்த பின் நட்சத்திரங்களை இனங்காட்டவும் கைலேசர் இன்று பல மாணவியரிடம் இருக்கின்றது. வாங்கிய நாளில் பளிச்சென்று எரிந்த பச்சைக் கதிர், சில வாரங்களில் மங்கிவிடுகின்றது. "லேசர் பழுது" என்று தூக்கி வீசுமுன் அதற்குள் இருக்கும் பற்றரியைச் சற்றுக் கவனிப்போம்.

முதலில் மேலுறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரிய கைலேசர்களிலும் டோர்ச்சுகளிலும் பயன்படுவது 18650 என்ற லிதியம் அயன் கலம். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அப்பெயரின் பொருள். இந்த அளவுள்ள நல்ல கலங்களில் பெரும்பாலானவை 2000 முதல் 3500 மில்லியம்பியர் மணித்தியாலம் வரையே கொள்ளும். ஆகவே 9900 என்று அச்சிட்ட கலம் பொய் சொல்கின்றது. கையில் எடுத்தாலே எடை குறைவாக இருப்பதும் ஓர் அடையாளம்.

கொள்ளளவு குறைந்தால் விரைவில் தீர்ந்துபோகும். ஆனால் ஏற்றிய உடனேயே மங்கலாக எரிவது ஏன்? அதற்குக் காரணம் அகத்தடை. பௌதிகவியல் பாடத்தில் படித்த ஓமின் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். லேசர் 1 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கின்றது என்று கொள்வோம். அகத்தடை 0.05 ஓம் உள்ள நல்ல கலத்தில் இழப்பு 0.05 வோல்ற்று மட்டுமே. 0.8 ஓம் உள்ள மட்டமான கலத்தில் 0.8 வோல்ற்று உள்ளேயே வெப்பமாக வீணாகும். 4 வோல்ற்றில் 3.2 வோல்ற்றே லேசருக்குக் கிடைக்கும். பல்மானியால் சும்மா அளந்தால் இரண்டு கலங்களும் ஒரே அளவைக் காட்டும். வேலை வாங்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்.

சிறிய பேனா லேசர்களில் சிக்கல் வேறு. இரண்டு சாதாரணக் கலங்கள் புதிதாக இருக்கும்போது 3 வோல்ற்றுத் தரும். அவற்றுக்குப் பதிலாக நிக்கல் உலோக ஐதரைட்டு மீள்மின்னேற்றக் கலங்களை இட்டால் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்று, மொத்தம் 2.4 தான். கலத்தில் குறையில்லை, கருவிக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. இதைச் சரிசெய்ய அதே பருமனுள்ள 3.7 வோல்ற்று லிதியம் கலங்கள் இரண்டை இட்டுவிடாதீர்கள். 7.4 வோல்ற்று லேசரை எரித்துவிடலாம்.

பிழை எங்கே என்று அறிய எளிய வழி: நன்றாக வேலை செய்யும் அதே வகைக் கலத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒளி கூடினால் பழைய கலமே குற்றவாளி. கூடாவிட்டால் மூடியின் சுருளையும் கலத்தின் முனைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மழைக்கால ஈரத்தில் அங்கே படியும் துருவும் தடையாகும். நுவரெலியாவின் விடியற்குளிரில் பச்சை லேசர் மங்குவது வழமை; சட்டைப் பையில் சற்று வைத்துச் சூடாக்கினால் தேறிவிடும். முழுதாக ஏற்றிய லிதியம் கலம் 4.2 வோல்ற்றுக் காட்டும். ஓரிரவு சும்மா வைத்தபின் அது 4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் அக்கலத்தை நம்ப வேண்டாம்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. வீங்கிய, உறை கிழிந்த, ஏற்றும்போது கையைச் சுடும் கலங்களை உடனே ஒதுக்குங்கள். தலையணை அருகிலோ எல்லோரும் உறங்கும் வேளையிலோ மின்னேற்ற வேண்டாம்.

மங்கிய லேசர் ஆபத்தற்றது என்று எண்ணிச் சின்னப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பதும் தவறு. பல பச்சை லேசர்கள் முதலில் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரை உண்டாக்கி, அதைப் பளிங்குகள் மூலம் பச்சையாக மாற்றுகின்றன. மலிவானவற்றில் இக்கதிரைத் தடுக்கும் வடிகட்டி இல்லாதிருக்கலாம். பச்சை மங்கலாகவும் செங்கீழ்க் கதிர் வலுவாகவும் வெளிவந்த ஒரு மலிவான லேசரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் அறிக்கையிட்டனர். பற்றரியை மாற்றிவிடலாம், கண்ணை மாற்ற முடியாது.