காற்றால் ஒரு முட்டு

மூச்சை உள்ளே இழுக்கும்போது பெரிய தொல்லை இல்லை, வெளியே விடும்போதுதான் அடைக்கிறது. இருமினால் குரைப்பது போல ஒரு சத்தம் வருகிறதே தவிர, சளி வெளியே வரமாட்டேன் என்கிறது. மாதம் தவறாமல் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு போகிறவருக்கு நம் பக்கத்தில் இரண்டு பெயர்களில் ஒன்று கிடைக்கும்: வீசிங் அல்லது டி.பி. பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் இன்ஹேலர் மாற்றி மாற்றி இழுத்தும், டி.பி. மாத்திரையை முழுக் கெடுவும் விழுங்கியும் மூச்சு சரியாகாத சிலர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

நம் மூச்சுக்குழாயில் 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அவை முழு வட்டம் அல்ல, குதிரை லாடம் போலப் பின்பக்கம் திறந்தவை. அந்தத் திறப்பை மூடியிருப்பது மெல்லிய தசைச்சுவர். மூச்சு விடும்போது, அதிலும் இருமும்போது, நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி அந்தச் சுவர் சற்று உள்வாங்கும். அது இயல்பு. சுவரிலோ வளையத்திலோ வலு இல்லாவிட்டால் குழாயே ஒட்டிக்கொள்கிறது. ஈரத் துணிப்பை மடங்கி ஒட்டிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது, சளியும் கீழேயே தேங்கிப் புழுங்குகிறது.

இது நேரும் அரிய நோய்களில் ஒன்று மூனியே-கூன் நோய். பிரான்சின் லியோன் நகர மருத்துவர் மூனியே-கூன் 1932இல் இதை விவரித்தார். சுவரில் இருக்க வேண்டிய மீள்நார்களும் தசைநார்களும் தேய்ந்துபோய், சுமார் 2 செ.மீ. அகலம் இருக்க வேண்டிய மூச்சுக்குழாய் 3 செ.மீ.யையும் தாண்டி அகன்றுவிடுகிறது. அகன்ற குழாய்க்கு மூச்சு எளிதாக வர வேண்டும் என்றுதானே தோன்றும்? நடப்பது வேறு. இழுக்கும்போது விரிந்து, விடும்போது தொய்ந்து மூடிக்கொள்ளும். ஆண்களிடம், அதுவும் முப்பது நாற்பது வயதில்தான் இது அதிகம் பிடிபடுகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வில்லியம்ஸ், கேம்பல் இருவரும் 1960இல் சொன்ன இன்னொரு நோயில், நுரையீரலுக்குள் இருக்கும் கிளைக்குழாய்களில் குருத்தெலும்பே சரியாக உருவாகியிருக்காது. அது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தெரியும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குருத்தெலும்பையே தாக்கும் நோய் ஒன்றும் உண்டு. காது மடல் சிவந்து வீங்கி வலித்து, மூக்குத்தண்டு அமுங்கி, கூடவே குரலும் கம்மினால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

சாதாரண எக்ஸ்-ரேயில் இவை எளிதில் தப்பிவிடும். சி.டி. எடுக்கும்போதும் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் குழாய் மூடுவது மூச்சை விடும்போது. ஆகவே இழுத்த நிலையிலும் விடும் நிலையிலும் படம் எடுத்து ஒப்பிட வேண்டும், அல்லது பிராங்கோஸ்கோபியில் மூச்சு விடச் சொல்லி நேரில் பார்க்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாதிக்கு மேல் சுருங்கினாலே நோய் என்று முன்பு கணக்கு வைத்திருந்தார்கள். ஆரோக்கியமான பலருக்கும், பலமாக மூச்சு விடும்போது பாதிக்கு மேல் சுருங்குகிறது என்று 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. படத்தில் சுருக்கம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் பெரிய சிகிச்சைக்குத் தலையாட்ட வேண்டாம். படமும் தொல்லையும் ஒத்துப்போக வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். கோட்டக்குப்பம், மரக்காணம் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்குச் சவுக்குக் கட்டையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்ட்ரிங் பலகை தொய்யாமல் அடியில் முட்டுக்கொடுத்து நிற்பது அதுதான். சிபாப் என்ற கருவி மூச்சுக்குழாய்க்குக் காற்றால் முட்டுக்கொடுக்கிறது. மூக்கிலோ முகத்திலோ மாஸ்க் வைத்து, இடைவிடாமல் மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும். மூச்சு விடும்போதும் அந்த அழுத்தம் உள்ளே நிற்பதால் சுவர் மடங்காது. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் உறக்கத்தில் மூச்சு அடைபடுபவர்களுக்காக இதை அறிமுகப்படுத்தினார். பிறகுதான் தொய்ந்த மூச்சுக்குழாய்க்கும் இது வந்தது. அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. நீர்மட்டம் வரை வைக்கலாம். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் 10 செ.மீ. ஆழம் விட்டு ஊதினால் குமிழி வர எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதுதான் 10.

கான்கிரீட் இறுகியதும் சவுக்குக் கட்டையை எடுத்துவிடலாம். இந்த முட்டு அப்படியல்ல. மாஸ்க்கைக் கழற்றினால் குழாய் பழையபடி தொய்யும். நோயை இது குணப்படுத்தாது. இரவில் தூங்க வைக்கும், பகலில் சில மணி நேரம் உதவும், சளியை வெளியேற்றும் பயிற்சியின்போது குழாயைத் திறந்து வைத்திருக்கும். இந்த அரிய நோய்களில் சிபாப்பின் பலனைச் சொல்பவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள்தான், பெரிய ஆய்வுகள் இல்லை. ஆகவே ஒருவருக்குப் பொருந்துகிறதா என்பதைப் போட்டுப் பார்த்து, ஆக்சிஜன் அளவும் ரத்தத்தில் கரியமில வாயுவும் அளந்துதான் முடிவு செய்ய முடியும். ஃபிசியோதெரபியும் தொற்றுக்கான மருந்தும் கூடவே ஓட வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. ஆக்சிஜன் வேறு, அழுத்தம் வேறு. கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லாக் கருவிக்கும் ‘ஆக்சிஜன் மிஷின்’ என்று ஒரே பெயர் வந்துவிட்டது. கான்சன்ட்ரேட்டர் தரும் ஆக்சிஜன், மூடிக்கொண்ட குழாயைத் திறக்காது. கரியமில வாயு ஏற்கெனவே உடலில் தேங்கியவருக்கு அளவில்லாமல் ஆக்சிஜன் வைத்தால் மயக்கம் வரைக்கும் போகலாம். அவருக்குச் சிபாப்கூடப் போதாமல், இழுக்கவும் விடவும் இரண்டு அழுத்தம் தரும் பைபாப் தேவைப்படலாம். இதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. நுரையீரல் வெடித்துக் காற்று கசிந்தவர், அதில் பெரிய காற்றுப்பைகள் உள்ளவர், ரத்தம் கக்குகிறவர், வாந்தி எடுப்பவர், நினைவு தடுமாறுபவர் ஆகியோருக்கு மாஸ்க் அழுத்தம் ஆபத்தாக முடியலாம்.

மூச்சுக்குழாய்க்குள் கம்பிவலை ஸ்டென்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். புற்றுநோய் அல்லாத நோய்களில் உலோக ஸ்டென்ட் உடைவதும் சதைக்குள் புதைவதும் எடுக்க முடியாமல் போவதும் நேர்வதால், வேறு வழியே இல்லாதபோதுதான் அதை யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்துவிட்டது.

பழைய கருவியை மலிவாக வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சிபாப், பைபாப் கருவிகள் பலவற்றை உலகெங்கும் திரும்பப் பெற்றது. உள்ளே இருந்த ஒலியடக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து, துகள்கள் மூச்சோடு போகக்கூடும் என்பது காரணம். வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பழையதை வாங்காதீர்கள். ஈரப்பதத் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் கடற்கரைத் தண்ணீரின் உப்பு அதில் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அடித்தபோது இந்தக் கரை மின்சாரம் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் புயல் எச்சரிக்கை வந்தால் மருத்துவமனையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மின்சாரம் நின்ற பிறகு மாஸ்க்கை முகத்தில் வைத்திருக்கக் கூடாது.

இனி உரிமைகள். கோட்டக்குப்பம் எல்லையில் இருக்கிற ஊர். ரேஷன் கார்டு தமிழ்நாடு, ஆஸ்பத்திரியோ பெரும்பாலும் புதுச்சேரி. ஜிப்மர் மத்திய அரசின் நிறுவனம், வெளியூர்க்காரர் என்று தயங்க வேண்டாம். முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எல்லை தாண்டி அட்மிட் ஆகும் முன் அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டுச் சேருங்கள். எங்கே பார்த்தாலும், உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. சி.டி. படத்தைக் காகிதமாக மட்டும் வாங்காமல் குறுந்தட்டாகவும் வாங்குங்கள். டி.பி. என்று சொன்னால், சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததா என்று கேட்பது உங்கள் உரிமை. அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை இலவசம்.

கருவியை மருத்துவர் எழுதித் தந்த அழுத்த அளவோடும் பில்லோடும் மட்டுமே வாங்குங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பழுதான கருவியைத் தலையில் கட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புதுச்சேரிக் கடையில் வாங்கியிருந்தாலும் வழக்குக்கு அங்கே அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி எண் 15100.

குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் நிதியுதவிக்கான நோய்ப் பட்டியலில் மூனியே-கூன் இல்லை. காப்பீட்டுத் திட்டங்கள் படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பணம் தருகின்றன. வீட்டில் ஆயுளுக்கும் தேவைப்படும் ஒரு கருவிக்கு வழி காட்டுவது அரிது. ஐ.சி.யூ.வில் ஒரு வாரம் ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் இது அநியாயம் மட்டுமல்ல, அரசுக்கே நட்டம். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. அதில் ஃபிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அதே வண்டியில் இந்தக் கருவியும் இரவலாக வரலாமே. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மருத்துவரின் சீட்டை இணைத்து மனுக் கொடுங்கள். பத்துப் பேர் கொடுத்தால் கோரிக்கை கோப்பாகும்.

நோய் உறுதியானவர்கள் ஒரு காகிதத்தில் நோயின் பெயர், சிபாப் அழுத்தம், மாஸ்க் வகை ஆகியவற்றை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அகன்ற மூச்சுக்குழாயில் வழக்கமான அளவுக் குழாயைச் செருகினால் காற்று கசியும். மயக்க மருத்துவருக்கு அது முன்கூட்டித் தெரிய வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, பகலில் எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, 108ஐ அழைத்துவிட்டு அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.