லினக்ஸ் கணினியின் சூட்டைக் கண்காணிப்போம்

கணினி திடீரென அணைந்தால் வைரஸ் என்றோ மின்தடை என்றோ நினைக்கிறோம். பல நேரம் காரணம் சூடுதான். பிராசஸர் அளவு மீறிச் சூடானால், கருகாமல் இருக்கக் கணினியே நின்றுவிடும். சேமிக்காத கணக்கும் போய்விடும்.

உபுண்டு, டெபியன் வைத்திருப்போர் 'எல்எம்-சென்சார்ஸ்' என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். பிறகு டெர்மினலில் நிர்வாகி அனுமதியுடன் 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். கேள்விகளுக்கு என்டர் தட்டினால் போதும். இறுதியில், கண்டறிந்த டிரைவர்களைச் சேர்க்கவா என்று கேட்கும்போது மட்டும் 'யெஸ்' என்று தட்டச்சு செய்ய வேண்டும். கணினியை ரீஸ்டார்ட் செய்து 'சென்சார்ஸ்' என்று கொடுத்தால் வெப்பநிலை தெரியும். பல கணினிகளில் விசிறியின் வேகமும் தெரியும்.

இன்டெல் பிராசஸரில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'ஹை', 'கிரிட்' என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது எச்சரிக்கை; இரண்டாவது ஆபத்தின் எல்லை. வேலை ஏதும் இல்லாதபோதே வெப்பம் முதல் எண்ணை நெருங்கினால், விசிறி சுழல்கிறதா என்று பார்ப்போம். பின்பு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தூசியை அகற்றுவோம்.

மதரஸாவிலும் ஜமாஅத் அலுவலகத்திலும் உள்ள கணினிகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மாதம் ஒருமுறையாவது இதைப் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.