விலை கொடுத்துப் பேசிய நடிகை: வனெஸ்ஸா ரெட்கிரேவ்

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பழைய காணொளி அவ்வப்போது சுற்றி வருகிறது. ஆஸ்கர் மேடையில் கறுப்பு உடை அணிந்த, உயரமான ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் விருதைக் கையில் பிடித்தபடி பேசுகிறார். அரங்கில் சிலர் கூச்சலிடுகிறார்கள்; சிலர் கைதட்டுகிறார்கள். அதற்குக் கீழே தமிழில் யாரோ எழுதிய தலைப்பு: "யூதர்களை ஆஸ்கர் மேடையிலேயே திட்டித் தீர்த்த நடிகை!"

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் ஜும்ஆவுக்குப் பிறகு இதைக் காட்டி, "ஹஜ்ரத், இது உண்மையா?" என்று கேட்டார். காணொளி உண்மை, தலைப்பு பொய் என்று சொன்னோம். அந்தப் பெண்மணி அன்று பேசியது தலைப்புக்கு நேர் எதிரானது. அவர் என்ன சொன்னார், அதற்காக எதையெல்லாம் இழந்தார் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தோம்.

சினிமா நடிகையைப் பற்றி ஆலிம் ஒருவர் எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். அவருடைய திரைப்படங்களையோ தனிப்பட்ட வாழ்க்கையையோ நாம் இங்கே பரிந்துரைக்க வரவில்லை. அநீதி இழைக்கப்பட்டவர்களுக்காகப் பேசிய ஒருவரின் வரலாற்றைச் சரியாகத் தெரிந்துகொள்வதே நோக்கம்.

நாடகக் குடும்பத்தின் வாரிசு

வனெஸ்ஸா ரெட்கிரேவ் 1937 ஜனவரி 30 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை மைக்கேல் ரெட்கிரேவ், தாய் ரேச்சல் கெம்ப்சன் இருவருமே பெயர்பெற்ற நடிகர்கள். அன்றிரவு லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம். ஹாம்லெட்டாக லாரன்ஸ் ஒலிவியே, லேயர்டீஸாக மைக்கேல் ரெட்கிரேவ். நாடகம் முடிந்ததும் ஒலிவியே மேடையிலிருந்தே, லேயர்டீஸுக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று ரசிகர்களிடம் அறிவித்தாராம். ஆங்கில நாடக உலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி இது.

கருத்துக்காக வேலை இழப்பதும் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941இல், ஓர் இடதுசாரி மாநாட்டை ஆதரித்தார் என்பதற்காக மைக்கேல் ரெட்கிரேவுக்கு பிபிசி வானொலி தடை விதித்தது. சில வாரங்களில் அது விலக்கப்பட்டது. அப்போது வனெஸ்ஸா நான்கு வயதுச் சிறுமி.

லண்டனில் நாடகப் பயிற்சி பெற்ற அவர், 1961இல் ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ரோஸலிண்டாக நடித்துப் புகழ்பெற்றார். 1966இல் 'மோர்கன்' திரைப்படத்துக்காக கான் விழாவில் சிறந்த நடிகை விருது. 1969இல் 'இஸடோரா' படத்துக்காக அதே விருது மறுபடியும். தன் வாழ்நாளில் ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். மேடை, சினிமா, தொலைக்காட்சி மூன்றிலும் உயரிய விருதுகளை வென்ற மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

அதே வேகத்தில் தெருப் போராட்டங்களுக்கும் சென்றார். 1960களின் தொடக்கத்தில் அணு ஆயுதங்களுக்கு எதிராக தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முன்னின்ற இயக்கத்தில் இருந்தார். 1968இல் லண்டனில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புப் பேரணியில் கலந்துகொண்டார். பிறகு தொழிலாளர் புரட்சிக் கட்சி என்ற சிறிய மார்க்சியக் கட்சியில் சேர்ந்து, 1974இலும் 1979இலும் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். மதத்தை ஏற்காத அந்தக் கட்சியின் கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. அதை மறைத்துவிட்டு அவரை 'நம்மவர்' ஆக்கிக்கொள்வதும் நேர்மையல்ல.

வீட்டை விற்று எடுத்த படம்

1970களில் ஃபலஸ்தீன் மக்களின் துயரம் மேற்கு நாடுகளின் சாதாரண மக்களுக்குப் பெரிதாகத் தெரியாது. செய்திகளில் ஃபலஸ்தீனர் என்றால் விமானக் கடத்தல், துப்பாக்கி, முகமூடி. 1948இல் வீடுவாசல் இழந்து லெபனான் முகாம்களில் மூன்றாம் தலைமுறையைப் பெற்றெடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களின் முகம் எவருக்கும் காட்டப்படவில்லை.

அந்த முகங்களைக் காட்ட வனெஸ்ஸா விரும்பினார். தன் வீட்டை விற்று அந்தப் பணத்தில் 'தி பாலஸ்டீனியன்' என்ற ஆவணப்படத்தைத் தயாரித்தார். ராய் பாட்டர்ஸ்பை இயக்க, வனெஸ்ஸாவே லெபனானுக்குச் சென்று அகதிகளையும் யாசிர் அரஃபாத்தையும் பேட்டி கண்டார். 1977இல் படம் வெளியானது.

அதில் அவர் கலாஷ்னிகோவ் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நடனமாடும் ஒரு காட்சி உண்டு. எதிர்ப்பாளர்கள் அந்தக் காட்சியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். முகாம்களின் வேதனையைச் சொல்ல வந்த படத்துக்கு அந்தக் காட்சி உதவவில்லை என்பதே நம் கருத்தும். ஒரு துப்பாக்கிப் படம் நூறு அகதிகளின் கண்ணீரை மறைத்துவிடும்.

அதே 1977இல் 'ஜூலியா' திரைப்படமும் வெளிவந்தது. ஹிட்லரின் நாஜிக் கொடுமையை எதிர்த்துப் போராடி உயிரைக் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. ஜூலியாவாக நடித்தவர் வனெஸ்ஸா. யூதர்களை வேட்டையாடிய நாஜிகளை எதிர்க்கும் பாத்திரத்தில் நடித்தவரும், ஃபலஸ்தீனருக்காக வீட்டை விற்றவரும் ஒருவரே. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை.

1978 ஏப்ரல் 3: உண்மையில் என்ன சொன்னார்?

'ஜூலியா'வுக்காக அவர் சிறந்த துணை நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். உடனே 'ஜூயிஷ் டிஃபென்ஸ் லீக்' என்ற தீவிரவாத யூத அமைப்பு, அவருக்கு விருது கொடுக்கக் கூடாது என்று போராட்டம் நடத்தியது. அவருடைய கொடும்பாவியை எரித்தது. மிரட்டல்கள் வந்தன. இவற்றையெல்லாம் மீறி விருது அவருக்கே கிடைத்தது.

மேடையில் அவர் முதலில் தன்னுடன் நடித்த ஜேன் ஃபோண்டாவையும், இயக்குநர் ஃப்ரெட் ஸின்னமனையும் நன்றியுடன் குறிப்பிட்டார். ஸின்னமன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறகு, மிரட்டலுக்கு அஞ்சாமல் தனக்கு வாக்களித்த ஆஸ்கர் உறுப்பினர்களைப் பாராட்டினார். மிரட்டியவர்களை ஒரு சிறிய ஸியோனிஸ ரவுடிக் கும்பல் என்று குறிப்பிட்டார். அதே வாக்கியத்தில், அவர்களுடைய நடத்தை உலகெங்குமுள்ள யூதர்களின் மதிப்புக்கும், பாசிசத்தை எதிர்த்து யூதர்கள் நடத்திய வீரமான போராட்டத்துக்கும் அவமானம் என்றார். யூத வெறுப்பையும் பாசிசத்தையும் எதிர்த்துத் தொடர்ந்து போராடுவேன் என்று உறுதிமொழி கூறி முடித்தார்.

இதுதான் அந்தப் பேச்சு. யூதர்களைப் பெருமைப்படுத்திய பேச்சு அது. கடிந்துகொண்டது மிரட்டிய கும்பலை மட்டும்.

ஆனால் 'ஸியோனிஸ ரவுடி' என்ற சொல்தான் அரங்கில் எஞ்சியது. அன்றிரவே எழுத்தாளர் பேடி சயேஃப்ஸ்கி மேடையேறி, விருது மேடையை அரசியல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துவது தனக்குச் சலிப்பாக இருக்கிறது என்றும், எளிமையாக நன்றி சொல்லியிருந்தால் போதும் என்றும் கண்டித்தார். பலத்த கைதட்டல் கிடைத்தது. மறுநாள் முதல் வனெஸ்ஸா 'யூதர்களைத் திட்டிய நடிகை' ஆகிவிட்டார். அவருடைய எதிரிகள் அன்று ஒட்டிய அந்தப் பட்டத்தையே இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பாராட்டு என்று நினைத்துப் பகிர்கிறார்கள். வருத்தம் அதில்தான்.

இரண்டு மாதம் கழித்து, 1978 ஜூனில், அவருடைய ஃபலஸ்தீன் ஆவணப்படத்தைத் திரையிட இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டரில் குண்டு வெடித்தது.

அவர் கொடுத்த விலை

1980இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 'பிளேயிங் ஃபார் டைம்' என்ற படம் எடுக்கப்பட்டது. அவுஷ்விட்ஸ் வதை முகாமில் இசைக்குழுவில் பாடி உயிர் பிழைத்த யூதப் பெண் ஃபானியா ஃபெனலோனின் உண்மைக் கதை. திரைக்கதை எழுதியவர் நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர், அவரும் யூதர். ஃபானியா வேடத்துக்கு வனெஸ்ஸாவைத் தேர்ந்தெடுத்ததும் எதிர்ப்பு வெடித்தது. ஃபானியாவே இந்தத் தேர்வைக் கடுமையாக ஆட்சேபித்தார். வதை முகாமில் வாடிய ஒரு பெண்ணின் மனவலியை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. மில்லரோ தயாரிப்பாளர்களோ பின்வாங்கவில்லை. தலையை மழித்துக்கொண்டு வனெஸ்ஸா நடித்தார். எம்மி விருதும் பெற்றார்.

அடுத்த அடி 1982இல் விழுந்தது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு ஓர் இசை நிகழ்ச்சியில் கதை சொல்பவராக அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. எதிர்ப்புகள் வந்ததும், பாதுகாப்புப் பிரச்சினை என்று சொல்லி நிகழ்ச்சிகளையே ரத்து செய்தது. வனெஸ்ஸா வழக்குத் தொடர்ந்தார். ஒப்பந்தம் மீறப்பட்டது என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. இந்த ரத்தினால் பிற வாய்ப்புகளும் பறிபோயின என்பதை ஏற்று 1 லட்சம் டாலர் இழப்பீடும் வழங்கியது. பின்னர் நீதிபதி அந்த 1 லட்சத்தைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில், 1988இல், கைநழுவிய ஒரு பிராட்வே நாடக வாய்ப்புக்காக மட்டும் 12 ஆயிரம் டாலர் என்று முடிவானது.

தொகை சிறியது. ஆனால் ஒரு கலைஞரின் அரசியல் கருத்துக்காக அவரது வயிற்றில் அடிப்பது எப்படி நடக்கிறது என்பது நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகிவிட்டது. யாரும் வெளிப்படையாகத் தடை செய்வதில்லை. தொலைபேசி மட்டும் ஒலிக்காமல் போகும். ஃபலஸ்தீனுக்காகக் குரல் கொடுத்து வேலை இழக்கும் கலைஞர்களைப் பற்றி இன்று நாம் படிக்கும்போது, இந்தப் பழைய வழக்கும் நினைவில் இருக்கட்டும்.

ஜாமீன் கொடுத்த கை

வனெஸ்ஸா ஓய்ந்துவிடவில்லை. 1995 முதல் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபின் நல்லெண்ணத் தூதராகப் பணியாற்றினார். 2002இல் செச்னியத் தலைவர்களில் ஒருவரான அஹ்மத் ஸகாயேவை நாடுகடத்த வேண்டும் என்று ரஷ்யா கேட்டபோது, லண்டனில் அவருக்காக 50,000 பவுண்டு ஜாமீன் கொடுத்தவர் வனெஸ்ஸா. ஸகாயேவும் ஒரு காலத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். அவரை அனுப்ப முடியாது என்று 2003இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

குவாண்டனாமோ சிறைவாசிகளின் உரிமைக்காகவும் தம்பி கோரினுடன் சேர்ந்து பிரச்சாரம் செய்தார். பல ஆண்டுகள் அங்கே விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த ஜமீல் அல்பன்னா 2007 டிசம்பரில் பிரிட்டனுக்குத் திரும்பினார். உடனே ஸ்பெயின் அவரைக் கேட்டது. அவருடைய 50,000 பவுண்டு ஜாமீனுக்கும் முன்வந்தவர் வனெஸ்ஸாதான். சில மாதங்களில் ஸ்பெயின் தன் கோரிக்கையைக் கைவிட்டது. பயங்கரவாதி என்ற முத்திரை குத்தப்பட்டவருக்காக, சொந்தபந்தம்கூட அருகில் வரத் தயங்கும் நேரத்தில், வேறு மதத்தில் பிறந்த ஒரு மூதாட்டி தன் பணத்தைப் பிணையாக வைத்தார்.

2009 மார்ச்சில் அவருடைய மூத்த மகள் நடாஷா பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தம்பி கோரின், மே மாதத்தில் தங்கை லின். மகள் இறந்த அதே ஆண்டு அக்டோபரில், மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதையைச் சொல்லும் தனிநபர் நாடகத்தை நியூயார்க்கில் நடித்தார். யூனிசெஃபுக்கும் ஃபலஸ்தீன் அகதிகளுக்கான ஐ.நா. நிவாரண அமைப்புக்கும் நிதி திரட்டவே அந்த நிகழ்ச்சி.

80 வயதில், 2017இல், அகதிகளைப் பற்றிய 'ஸீ ஸாரோ' என்ற ஆவணப்படத்தை முதல்முறையாக இயக்குநராகி எடுத்தார். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனை விட்டு அனுப்பப்பட்ட தன் குழந்தைப் பருவத்தையும் அதில் நினைவுகூர்கிறார். தானும் ஒரு காலத்தில் இடம்பெயர்ந்த குழந்தை என்பதை அவர் மறக்கவே இல்லை.

நம் வீட்டுக்கு என்ன செய்தி?

அடுத்த முறை அந்தக் காணொளி உங்கள் குழுவுக்கு வந்தால், தலைப்பை மாற்றி அனுப்புங்கள். ஃபலஸ்தீனருக்கு நடந்த அநீதியை எதிர்த்தவர், யூத வெறுப்பையும் எதிர்ப்பேன் என்று அதே மேடையில் சொன்னார் என்று எழுதுங்கள். பிள்ளைகள் "இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?" என்று கேட்டால், உட்கார்ந்து பேசுங்கள். நிலத்தைப் பறித்த ஓர் அரசியல் கொள்கையை எதிர்ப்பது வேறு. ஒரு சமுதாயத்தில் பிறந்தார்கள் என்பதற்காக மனிதர்களை வெறுப்பது வேறு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவற வைத்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளையும் இதுவே. முஸ்லிம்களைப் பற்றிப் பிறர் பொத்தாம்பொதுவாகப் பேசும்போது நமக்கு எவ்வளவு வலிக்கிறது! அந்த வலி தெரிந்த நாமே அதைப் பிறருக்குச் செய்யலாமா?

'ஸியோனிஸ ரவுடி' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டவர்கள் அன்று அவருடைய எதிரிகள். நாமும் அதையே செய்தால், 1978இல் அவர் முழுவதுமாகச் சொன்ன வாக்கியம் இன்னும் பாதியாகவே நிற்கும்.